ஈயப்பட்டறைச் சந்தின் பிற்பகல்கள்

இடித்துத் தரைமட்டமாக்கி, மேலே சிமெண்டு பூசி, மஞ்சள் கோடு கிழித்து, பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் கார் நிறுத்தும் இடமாக மாற்றிப் பத்தரை வருஷம் ஆன பிறகு, ஒரு மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஈயப்பட்டறைச் சந்தின் நிழல் திரும்பி வந்தது. வீடுகள் வரவில்லை, சுவர் வரவில்லை, ஓடு வரவில்லை, மனிதர்களும் வரவில்லை. நாற்பத்து மூன்று வீடுகளின் நிழலும், வேப்பமரத்தின் நிழலும், குழாயடியில் வரிசையாக வைத்த குடங்களின் நிழலும், அவற்றுக்கு நடுவே போய்வந்த எங்கள் எல்லோருடைய நிழலும் மட்டும் வந்து, மேலே ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் தத்தம் இடத்தில் படிந்துகொண்டன.

முதலில் பார்த்தது எத்திராஜ். எங்கள் சந்தில் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரன். சந்து போன பிறகு அதே இடத்தில் விசில் ஊதிக் கார்களை ஒழுங்குபடுத்தும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. தரையில் ஓட்டுக்கூரையின் விளிம்பு பல் பல்லாகத் தெரிந்ததையும், அதன் மேல் ஒரு பூனை நடந்து போனதையும் பார்த்தான். அண்ணாந்து பார்த்தான், வானம்தான் இருந்தது. திரும்பக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்த காரைப் பார்த்து, "இன்னும் ரெண்டடி பின்னால வா சார், நிழல்ல உடு, வண்டி சூடாவாது" என்றான். அவ்வளவுதான். இந்த நகரத்துக்குள் அந்த நிழல் நுழைந்தது அப்படித்தான்.

ஒரு வாரத்துக்குள் கார்க்காரர்கள் வேப்பமர நிழலில் இடம் கேட்டு வர ஆரம்பித்தார்கள். நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்கிய ஜவுளிக்கடைப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைத்து மூன்று மணிக்கு வந்து, இல்லாத வீட்டின் இருக்கிற நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அந்த நிழல் குளிர்ச்சியாகவே இருந்தது. மூன்றுக்கு வரும், பொழுது சாய்ந்தால் போகும், மேகம் மூடிய நாளில் வராது. வேறு எந்த நிழலுக்கும் உள்ள சட்டம்தான் அதற்கும் இருந்தது, ஆகையால் யாரும் அதைப்பற்றி அதிகம் கேட்கவில்லை.

எத்திராஜ் வந்து சொன்னபோது நாங்கள் ஊருக்குத் தெற்கே சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுப்பிய எட்டு மாடிக் கட்டடங்களில் இருந்தோம். சந்தை இடித்ததற்குப் பதிலாக எங்களுக்கு அங்கேதான் வீடு கொடுத்திருந்தார்கள். என் பெயர் கஸ்தூரி. சந்தில் பதினாறாம் நம்பர். பதினேழு தேசம்மாவுடையது. குலுக்கலில் இங்கேயும் பக்கத்துப் பக்கத்து வீடே விழுந்ததால், அங்கே இருந்தது போலவே இங்கேயும் எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். சோற்றைத் தூக்குப் போணியில் போட்டுக்கொண்டு, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குப் போவதுபோல் போனோம். அவரவர் வீட்டு நிழலில் அவரவர் உட்கார்ந்தோம். "இதோ பாரு, எங்க வூட்டு சன்னலு, ஒரு கம்பி வளைஞ்சிருக்கும், அது கூட அப்டியே கீது" என்று ஒருத்தி அழுதாள். கொடியில் காய்ந்த புடவையின் நிழல் முகத்தில் ஆட ஆட ஒருவர் தூங்கிப்போனார். குழாயடி இங்கே, பிள்ளையார் மாடம் இங்கே, கோதண்டம் வீட்டு மாட்டுக் கொட்டாய் இங்கே என்று பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினோம். சந்தில் இருந்த நாளில் சாக்கடை நாற்றத்துக்கும் குழாய்ச் சண்டைக்கும் அந்தச் சந்தைத் திட்டாத நாள் கிடையாது. இப்போது அதைப்போல ஒரு இடம் உலகத்தில் இல்லை என்று எல்லோரும் சொன்னோம், சொல்லச் சொல்ல அப்படித்தான் என்று நம்பினோம்.

முனிரத்தினத்தின் மனைவி பட்டம்மா, செத்துப்போன புருஷன் சைக்கிளில் வரும் நிழல் நாலரை மணிக்குத் தன் மடிமேல் ஏறி இறங்கும்படி இடம் பார்த்து உட்காருவாள். பதினோரு நாள் அப்படி உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். சைக்கிள் நிழல் தன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் இருபத்தொன்பதாம் நம்பர் வாசலில் நிற்பதைப் பார்த்தாள். இருபத்தொன்பதாம் நம்பர் ஜெயா அந்த நேரம் தன் வீட்டு நிழலில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தாள். பட்டம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு போனாள். இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல். கார்களுக்கு நடுவே அவர்கள் புரண்டதைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நிழல் எதை எதைக் காட்டும் என்று அன்றைக்கே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

தேசம்மா மட்டும் யாரோடும் பேசவில்லை. அவள் பதினேழாம் நம்பர் படியின் நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் அந்தப் படியில் அவள் மகள் வேதவல்லி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயசுப் பெண்ணின் நிழல். ஒற்றைச் சடை, மடியில் விரித்த புத்தகம், பக்கம் திருப்பும் கை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயில் நாளில் யாரோ ஒருவனோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள் என்று சொல்லப்பட்ட பெண்.

"மத்தியானத்துல இவ இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது கஸ்தூரி" என்றாள் தேசம்மா. "நான் அப்பல்லாம் வேலைக்குப் பூடுவேன். வந்து பாக்கறப்போ துணி மடிச்சி வெச்சிருப்பா, சோறு வடிச்சி வெச்சிருப்பா. இவ்ளோ நேரம் படிச்சிக்கினு இருந்துருக்கா பாரேன்."

நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த வேலையை அவள் விட்டுவிட்டாள். வெயில் அடித்த நாளெல்லாம் வந்தாள். கனகாம்பரம் கட்டிக்கொண்டு வந்து தரையில், நிழல் சடை தொங்கும் இடத்தில் வைப்பாள். நிழல் எழுந்து நடந்தால் இவளும் கூட நடப்பாள். நிழல் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவித் திரும்பும்வரை கார்களை மறித்துக்கொண்டு நிற்பாள், எத்திராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் இருப்பான்.

கணக்கைக் கண்டுபிடித்தது அவள்தான். பங்குனி மாதம் ஒரு நாள் சந்து முழுக்கப் பந்தல் நிழல் விழுந்தது, வாழைமர நிழல் விழுந்தது. கோதண்டத்தின் மூத்த மகளுக்கு நடந்த மஞ்சள் நீராட்டு அது. கோதண்டம்தான் எங்கள் சந்துக்குத் தலைவர் மாதிரி. மனு எழுத, அதிகாரிகளைப் பார்க்க, சண்டை தீர்க்க எல்லாவற்றுக்கும் அவர். "அடடே, பங்குனி பத்து, அன்னிக்கு மட்டன் பத்தாம போச்சு" என்று அவர் தன் வீட்டு நிழலில் நின்று சிரித்தார். தேசம்மா விரலை மடக்கி எண்ணினாள். பிறகு எழுந்து நின்று, பல வருஷமாக நாங்கள் கேட்டிராத ஒரு குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னிக்கும் பங்குனி பத்துதான். நாளுக்கு நாளு அப்டியே வருது. அப்போ கத்திரி மூணாம் நாளும் வரும். என் பொண்ணு யாரு கூடப் போனா, எந்தப் பக்கம் போனான்னு நான் பாத்துடுவேன்."

கோதண்டத்தின் சிரிப்பு நின்றுபோனது. ஏனென்றால் கத்திரி மூணாம் நாள் என்ன வரும் என்பது, தேசம்மாவைத் தவிர, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

வேதவல்லி யாருடனும் போகவில்லை. நாங்கள்தான் அவளைக் கொன்றோம். கொல்ல வேண்டும் என்று கொல்லவில்லை, அப்படிச் சொல்லித்தான் பதினோரு வருஷம் சோறு தின்றோம்.

சந்தைக் காலி செய்ய நாற்பத்து மூன்று வீடும் சம்மதிக்க வேண்டும், ஒரு வீடு மறுத்தாலும் புதுக் கட்டடத்தில் எங்களுக்கு ஒதுக்கிய வீடுகள் வேறு குடிசைப் பகுதிக்காரர்களுக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். கோதண்டம் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கினார். சிலரிடம் வெற்றுத் தாளில் வாங்கினார். நாங்கள் போட்டோம். குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் கொட்டும், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம் என்ற ஆசை எங்களுக்கு. பதினேழாம் நம்பர் வீடு மட்டும், அப்பன் சாகும்போது எழுதி வைத்தபடி, வேதவல்லி பேரில் இருந்தது. அவள் போட மாட்டேன் என்றாள். அவ்வளவு தூரம் போனால் எங்கம்மா எப்படி வேலைக்கு வருவாங்க, இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் பக்கத்துத் தெருக்களை நம்பித்தானே பிழைக்கிறோம் என்று கேட்டாள். கத்திரி மூணாம் நாள் நாலு மணிக்கு அதிகாரிகளின் கடைசி விசாரணை. அங்கே போய் வெற்றுத் தாள் விஷயத்தையும் சொல்வேன் என்றாள். அவள் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று கோதண்டம் விசாரித்து வந்தார்.

சந்தின் கோடியில், முன்பு ஈயம் உருக்கிய தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. நாலு மணி தாண்டும்வரை அவளை அதில் வைப்பது, பிறகு திறந்துவிடுவது. இதுதான் பேச்சு. கத்திரி வெயில். கூரை தகரம், சுவரும் தகரம். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அல்லது ஞாபகம் வந்தவர்கள் மற்றவர்கள் சொல்லட்டும் என்று இருந்தோம்.

பங்குனி பத்துக்குப் பிறகு நாங்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினோம். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் கூடினோம். பட்டம்மாவும் ஜெயாவும்கூடச் சண்டையை மறந்து ஒன்றாக வந்தார்கள். மழை வந்தால் நிழல் வராது என்று ஒருவர் சொன்னார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி மழை கேட்பது என்று முடிவானது. கூழ் ஊற்றினோம். எதற்கு என்று தெரியாத தேசம்மா, பொதுக் காரியம் என்று நினைத்துத் தானும் ஒரு பானை கேழ்வரகுக் கூழ் காய்ச்சித் தலையில் வைத்துக்கொண்டு வந்து ஊற்றினாள். அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு என் காதில் சொன்னாள். "அன்னிக்கி மேகம் வராம வெயிலு நல்லா அடிக்கணும்னு வேண்டிக்கினேன்."

கத்திரி பிறந்தது. வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.

அவளைத் திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று கோதண்டம் வேன் பிடித்தார். சொல்லிச் சம்மதிக்க வைக்க என்னை அனுப்பினார்கள். அவள் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கத்திரி மூணாம் நாளு வேண்டுதலு, எல்லாரும் போறோம், நீயும் வா தேசம்மா" என்றேன்.

"முருகன் அடுத்த வாரமும் அங்கதான இருப்பாரு."

"அந்த வெயில்ல நீ தனியா போய் நின்னுக்கினு... மயக்கம் வந்தா யாரு பாப்பா?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது. ஆட்டோ ரோட்டுப் பக்கம் போச்சா, கால்வாப் பக்கம் போச்சான்னு மட்டும் பாத்துக்கறேன். அவன் மூஞ்சி தெரியாது, ஆனா நடை தெரியும் இல்ல? நடைய வெச்சித் தேடிடலாம்." அவள் அரிசிக் கையோடு என் கையைப் பிடித்தாள். "நீயும் வாடி. அவளுக்கு உன் மேல உசிரு."

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கடைசியில் கோதண்டம் ஒரு வழி சொன்னார். எல்லோரும் போவோம், தரை தெரியாமல் நெருக்கமாக நிற்போம், எங்கள் நிழலை அந்த நிழல்மேல் போட்டுக் குழப்பிவிடுவோம், கிழவிக்கு எது என்னவென்று தெரியாது. நாங்கள் ஒத்துக்கொண்டோம். எதற்கும் ஒத்துக்கொள்கிறவர்கள்தானே நாங்கள்.

கத்திரி மூணாம் நாள் ஒரு மணிக்கே போய்விட்டோம். எத்திராஜ் வாசலில் சங்கிலி கட்டி, இடம் இல்லை என்று கார்களைத் திருப்பி அனுப்பினான். சுமார் நூற்றைம்பது பேர் சிமெண்டுத் தரையில் போய் நின்றோம். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. பன்னிரண்டாம் நம்பர்க்காரர்கள் பன்னிரண்டாம் நம்பர் இருந்த இடத்தில் நின்றார்கள், இருபத்தொன்பது இருபத்தொன்பதில் நின்றது, நான் பதினாறில் நின்றேன். நெருக்கமாக நிற்க வந்தவர்கள் நாற்பத்திரண்டு வாசலில் நாற்பத்திரண்டு கூட்டமாகச் சிதறி நின்றோம், அதை யாரும் கவனிக்கவில்லை. தேசம்மா எங்களைப் பார்த்துக் கண் கலங்கினாள். தனக்காகத்தான் இத்தனை பேரும் வெயிலில் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு நிழல் வந்தது. எங்கள் நிழலைவிட அது கறுப்பாக இருந்தது. பதினேழாம் நம்பர் படியில் வேதவல்லியின் நிழல், கையில் ஒரு ஃபைல், சடையைப் பின்னித் தூக்கிக் கட்டியிருந்தாள், புறப்படத் தயாராக. தேசம்மா தெரு முனையைப் பார்த்தாள், ஆட்டோவுக்காக.

பதினாறாம் நம்பர் வாசலிலிருந்து ஒரு பெண்ணின் நிழல் வெளியே வந்து, கையைத் தூக்கி, வேதவல்லியைக் கூப்பிட்டது. தேசம்மா அந்த நிழலைப் பார்த்தாள். அதன் கால் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அது என் காலில் வந்து முடிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நான் நின்றிருந்தேன்.

வேதவல்லியின் நிழல் ஃபைலைப் படியில் வைத்துவிட்டு, என் நிழலோடு கொட்டகைக்கு நடந்தது. உள்ளே போனது. துண்டு போட்ட ஒரு நிழல் பின்னாலிருந்து வந்து கதவைச் சாத்தியது. கொடிக் கயிற்றை அவிழ்த்து வந்து கதவைக் கட்டியது என் நிழல். நாற்பது வாசலிலும் நிழல்கள் நின்று பார்த்தன. ஒவ்வொரு நிழலின் காலடியிலும் அதற்குரிய ஆளாக நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னாத்துக்குக் கதவ மூடுறாங்க?" என்று தேசம்மா கேட்டாள்.

துண்டு போட்ட நிழலையும் கோதண்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோதண்டம், இன்னாத்துக்குடா மூடுன?"

"வெயிலு ஜாஸ்தியா கீது" என்றார் கோதண்டம். "வா, வூட்டுக்குப் போலாம்."

கொட்டகையின் தகரக் கூரை நிழல் நடுங்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஓங்கித் தட்டினால் தகரம் எப்படி அதிருமோ அப்படி, ஆனால் சத்தமே இல்லாமல், சிமெண்டில் அந்த விளிம்பு நடுங்கியது. தேசம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் மண்டியிட்டுக் கதவின் நிழலில் கயிற்றின் முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தாள். சிமெண்டில் நகம் உடைந்தது. உள்ளங்கையால் அடித்தாள், "வேதா, வேதா, இதோ அம்மா வந்துட்டேன்டி, இதோ தொறந்துடறேன்" என்றாள். ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படிச் செய்தாள். நடுவில் அவளைத் தூக்கிவிடக்கூட எங்களில் ஒருவரும் போகவில்லை. வாசலை விட்டு அசைந்தால் நிழலோடு ஒட்டிக்கொண்டிருந்தது நாங்கள்தான் என்று ஒத்துக்கொண்டது போலாகும் என்று நினைத்தோமோ என்னமோ. நடுக்கம் முதலில் விடாமல் இருந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது நின்றது.

அந்த நேரத்தில் சந்தில் எங்கள் நிழல்கள் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? ஒருத்தி பூக் கட்டினாள். நாலு பேர் சீட்டு ஆடினார்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் ஐந்தாறு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். என் நிழல் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்தது.

நாலு மணி தாண்டியும் யாரும் கொட்டகைப் பக்கம் போகவில்லை, ஆறு மணிக்குத்தான் கதவைத் திறந்தார்கள். உள்ளே போன இரண்டு நிழல் தடுமாறி வெளியே வந்தன. கொஞ்ச நேரம் எல்லா நிழலும் கூடிக் கூடிப் பிரிந்தன. பிறகு பாயில் சுற்றிய ஒரு நீளமான நிழலை நாலு பேர் தூக்கிப் போனார்கள், சாயங்கால வெயிலில் அது இன்னும் நீளமாகி, எங்கள் எல்லோர் காலையும் தொட்டுக்கொண்டு, சந்தின் கோடியிலிருந்த பாழும் கிணற்றுக்குப் போனது. ஏழு மணிக்குத் தேசம்மா வேலையிலிருந்து வந்துவிடுவாள் என்ற அவசரம் அவர்கள் நடையில் தெரிந்தது. பதினேழாம் நம்பருக்குள் போய் ஒரு பையில் நாலு துணியைத் திணித்து, ஃபைலையும் எடுத்துக்கொண்டு வந்து, ஓடிப்போன பெண்ணின் வீடு எப்படி இருக்குமோ அப்படிச் செய்துவிட்டு, பையைக் கிணற்றில் போட்டது என் நிழல்.

அந்த இடத்தில் இப்போது கார்கள் வெளியே போவதற்கான அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். தேசம்மா அந்த அம்புக்குறியின் மேல் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தது. நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். ஆளுக்கு ஒரு பஸ்ஸில், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

மறுநாள் அவள் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். நிழலை வைத்து வழக்குப் போட முடியாது, பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்லட்டும் என்றார்கள். பார்த்தவர்கள் நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவர் அன்று நான் ஊரிலேயே இல்லை என்றார். ஒருவர் எனக்குக் கண் புரை என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா என்றேன் நான். ஜவுளிக்கடைக்காரர்களிடம் போய் அந்த அம்புக்குறியை மட்டும் தோண்டிப் பார்க்கச் சொல்லிக் காலில் விழுந்தாள். காவல்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அவள் நிழல் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. கத்திரி நாலாம் நாள் வந்தது, ஐந்தாம் நாள் வந்தது. இப்போது நிழலில் அவளே இருந்தாள், மகளைக் காணாமல் வேலைக்குப் போகாமல் வீடு வீடாக ஓடிக்கொண்டு. ஒவ்வொரு வாசலிலும் நாங்கள் அவள் தலையைத் தடவி, தண்ணீர் கொடுத்து, தெரு முனையைக் காட்டி, ஆட்டோ போன திசை என்று ஆளுக்கொன்றைச் சொல்லி அனுப்பினோம். அவள் தோளைக் கட்டிக்கொண்டு அதிக நேரம் அழுத நிழல் என்னுடையது. தேசம்மா தன் நிழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தாளாம். எத்திராஜ் சொன்னான்.

அந்த வாரமே கோதண்டம் ஒரு மனு எழுதினார். வாடிக்கையாளர்களின் கார்கள் வெயிலில் காய்கின்றன, பழைய குடியிருப்போர் என்ற முறையில் எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, முழு இடத்துக்கும் கூரை போட வேண்டும். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டோம். இந்தத் தடவை எழுதிய தாளில்தான் போட்டோம். வைகாசி முடிவதற்குள் இரும்புத் தூண் நட்டு, நீலத் தகடு போட்டு, ஒரு கோடு வெயில்கூட உள்ளே வராதபடி மூடிவிட்டார்கள். சந்து போய்விட்டது. முதல் தடவை போனபோது அழுததுபோல் இந்தத் தடவை யாரும் அழவில்லை.

ஆவணியில் எத்திராஜ் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பழையபடி சந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் குழாய்த் தண்ணி ருசி வருமா, அந்த மனுஷங்க ஒத்துமை வருமா என்று கோதண்டம் பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டார். வராது என்றோம்.

தேசம்மா எங்கேயும் போகவில்லை, போக இடம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்பு மூட்டுவது கேட்கும், பாத்திரம் வைப்பது கேட்கும், இருமுவது கேட்கும். நான் கதவைத் தாழிட்டே வைத்திருந்தேன். புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம் அவள் தட்டினாள். திறந்தேன். சண்டைக்கு வந்தவள்போல் இல்லை. ஏதோ இரவல் கேட்க வந்தவள்போல் நின்றாள்.

"நிழலுக்குச் சத்தம் இல்லடி கஸ்தூரி" என்றாள். "நீ வாயத் தொறந்தத பாத்தேன். அவளும் இன்னாவோ சொன்னா. இன்னா சொன்னா?"

"எனக்கு ஞாபகம் இல்ல தேசம்மா."

"உனக்கு ஞாபகம் கீது."

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். நின்றபடியே சொன்னேன். "கோழி பட்டறைக்குள்ள பூந்துகிச்சி, புடிச்சிக் குடுன்னேன். டைம் ஆச்சி அத்தே, சரி வரேன்னா."

"அப்டிச் சொல்லாத. கூப்புடு. அன்னிக்கிக் கூப்ட மாதிரி."

"தேசம்மா, வேணாம்..."

"அவ கடைசியா கேட்டது உன் குரலுதான? நானும் கேக்கறேன். கூப்புடு."

கூப்பிட்டேன். "வேதா, கோழி பட்டறைக்குள்ள பூந்துகிச்சிடி, கொஞ்சம் வந்து புடிச்சிக் குடேன் கண்ணு." அன்றைக்கு வந்த அதே குரல் வந்தது, அவ்வளவு செல்லமாக, அவ்வளவு பிரியமாக. அந்தக் குரல் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. தேசம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எழுந்து, "நாளைக்கும் கூப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது முதல் தினமும் மூன்று மணிக்கு அவள் தன் வாசலில் உட்காருகிறாள். நான் என் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்கள் மாடி நடைபாதையில் உள்ள எல்லாக் கதவுகளும் மூடிக்கொள்கின்றன. "டைம் ஆச்சி அத்தே, சரி வரேன்" என்று தேசம்மா எழுந்து வந்து, என்னைத் தாண்டி என் வீட்டுக்குள் போய், சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "மூடு" என்கிறாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டுகிறேன். முதல் நாள் பூட்டாமல் விட்டுப் பார்த்தேன். கதவு அசைந்ததும் உள்ளேயிருந்து, "பூட்டு" என்றாள்.

ஐந்துக்குக் கால் மணிவரை நான் நடைபாதையில் நிற்க வேண்டும். அவள் தட்டினால் உடனே திறந்துவிடலாம் என்று சாவியைப் பூட்டிலேயே வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் தட்டுவதே இல்லை.